கண்ணில் நெல் சுணை பட்டால்: பூஞ்சைக் கருவிழிப் புண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பாவுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. அறுவடை சமயத்தில் களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது கண்ணில் ஏதோ பட்டது. மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து ஊர் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். சிவப்பு குறைந்தது, வலியும் விட்டது, நாலு நாள் வேலைக்கும் போனார். பன்னிரண்டாம் நாள் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது கருவிழி ஓட்டை விழும் நிலையில் இருந்தது. அவர் போட்ட சொட்டில் ஸ்டீராய்டு இருந்தது, புண்ணில் பூஞ்சை இருந்தது. இரண்டும் சேரக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம்தான் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதற்கு எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உலகத்துக்கே சொன்ன ஆய்வுகளில் பல, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து நடத்தியவை. அதில் சேர்ந்த நோயாளிகள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். ஆனால் முடிவுகள் தமிழில் அதிகம் வரவில்லை. சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் கண்ணுக்கு எந்த மருந்து என்பதைக் கண் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கருவிழிப் புண் என்றால் என்ன? ஊரில் "பூ விழுந்துடுச்சு" என்கிறார்களே, அதுவா?

கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கருவிழி. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். அதன் மேல்தோல் கீறினால் அந்த வழியாகக் கிருமி உள்ளே போய்ப் புண்ணாகும். வலி, சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி, இவைதான் அறிகுறிகள். சிலருக்கு உள்ளே சீழ் கட்டி அடியில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

"பூ" என்பது புண் ஆறிய பிறகு நிற்கும் தழும்பு. ஆனால் ஊரில் புண்ணையும் பூ என்றே சொல்லிவிடுவதால் ஒரு சிக்கல். பூ விழுந்தால் விழுந்ததுதான், அவசரம் ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். வலியோடு வரும் வெள்ளைப் புள்ளி என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் ஏன் இது இவ்வளவு அதிகம்?

வயல் வேலை, வெப்பம், ஈரப்பதம். 1993-இல் மதுரை மாவட்டத்தில் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கவுன்டியில் எடுத்த கணக்கைப்போல் இது 10 மடங்கு.

1994-இன் முதல் மூன்று மாதத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியா மட்டும் இருந்தவை 140, பூஞ்சை மட்டும் இருந்தவை 139. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அபூர்வம், இங்கே பாதிக்குப் பாதி. பூஞ்சைகளில் முதலிடம் ஃப்யூசேரியம், அடுத்தது அஸ்பெர்ஜில்லஸ்.

ஃப்யூசேரியம் என்ற பெயர் வாழை போடுகிறவர்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். வாழையில் வாடல் நோயைக் கொண்டுவருவதும் இதே குடும்பத்துப் பூஞ்சைதான். மண்ணிலும் தாளிலும் தோகையிலும் வாழ்வது அது. நெல் சுணை, கரும்புத் தோகை, சோளத் தட்டை, தென்னங்கீற்றின் ஈர்க்கு, மாட்டின் வால் என்று எது கண்ணில் கீறினாலும் பூஞ்சையும் சேர்ந்தே உள்ளே போக வாய்ப்பு உண்டு.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதாகவும், 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்களை அகற்ற வேண்டியதாவதாகவும் 2021-இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது.

அனுபவமுள்ள டாக்டர் பார்த்தாலே பூஞ்சையா பாக்டீரியாவா என்று தெரியாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2012-இல் வந்த ஓர் ஆய்வில் கருவிழி நிபுணர்கள் 15 பேருக்குப் புண்களின் புகைப்படங்களைக் காட்டி இது பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 66 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டர்களின் குறை அல்ல இது, இரண்டு புண்களும் அவ்வளவு ஒத்திருக்கின்றன.

அதனால்தான் புண்ணின் மேல் லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டபிறகுதான் சுரண்டுவார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். சில நிமிடங்களில் விடை. செலவும் குறைவு. "கண்ணைச் சுரண்டுறாங்களாம்" என்று பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். இந்தச் சோதனை செய்யாமலே மருந்து எழுதினால், "சுரண்டிப் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்கலாம், தப்பில்லை.

தென்னிந்திய நோயாளிகளின் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்து, புகைப்படத்திலேயே கிருமியைக் கணிக்க வைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. சோதனைக்கூடம் இல்லாத ஊர்களுக்கு அது ஒரு நாள் பெரிய உதவியாக இருக்கும்.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது?

நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு. ஆய்வுகள் தெளிவாகச் சொல்லும் விடை இதுதான், ஆனால் எளிதில் கிடைத்த விடை அல்ல.

2000-களில் வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. சோதனைக்கூடத்தில் பல பூஞ்சைகளை நன்றாக அடக்கியது, கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவியது. நாட்டமைசினோ பழைய மருந்து, ஊடுருவும் திறன் குறைவு. புதியதுதான் மேல் என்று பல டாக்டர்கள் மாற ஆரம்பித்தார்கள். எது உண்மையிலேயே மேல் என்று பார்க்க 2010-இல் அரவிந்த் மருத்துவமனைகளில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. பூஞ்சை இருப்பது மைக்ராஸ்கோப்பில் உறுதியான 323 பேர். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

முடிவு 2013-இல் வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நாட்டமைசின் போட்டவர்களின் பார்வை எழுத்துப் பலகையில் ஏறக்குறைய இரண்டு வரி மேலாக இருந்தது. ஃப்யூசேரியம் புண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நான்கு வரி. பலகையில் நான்கு வரி என்றால் பஸ் போர்டு படிப்பதற்கும் படிக்க முடியாததற்கும் உள்ள தூரம். கருவிழி ஓட்டை விழுவதும், அவசரமாக மாற்று அறுவை செய்ய வேண்டியதாவதும் நாட்டமைசின் பக்கம் குறைவு. மற்றப் பூஞ்சைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வோரிகோனசோல் பக்கம் ஓட்டை விழுவது அதிகமாகிறது என்று தெரிந்ததும், தனியாக இயங்கிய கண்காணிப்புக் குழு திட்டமிட்டதற்கு முன்பே ஆய்வை நிறுத்தச் சொன்னது.

அது எங்கிருந்து வந்த மருந்து? பாட்டிலில் பால் மாதிரி இருக்கிறதே, கெட்டுப்போயிருக்குமா?

கெட்டுப்போகவில்லை. நாட்டமைசின் தண்ணீரில் கரையாது, அதனால் வெள்ளைக் கலங்கலாகத்தான் இருக்கும். வைத்தால் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டுப் போட வேண்டும். குலுக்காமல் போட்டால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும். இது மிகச் சின்ன விஷயம், ஆனால் கண்ணைக் காப்பாற்றும் விஷயம். கண்ணில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது மருந்துதான்.

1950-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பெயரும் அந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான். பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை படியாமலிருக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சொட்டைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வெறும் சொட்டு போதுமா? மாத்திரை, ஊசி, லேசர் மாதிரி எதுவும் சேர்த்தால் சீக்கிரம் குணமாகாதா?

கண் போய்க்கொண்டிருக்கும்போது "இன்னும் என்னென்ன உண்டோ எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்று கெஞ்சத்தான் தோன்றும். நாங்களும் கெஞ்சினோம். அதே கேள்வியை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

முதலில் மாத்திரை. இந்தியாவிலும் நேபாளத்திலும் புண் முற்றிய நிலையில் வந்த 240 பேரில் ஒரு பாதிக்குச் சொட்டோடு வோரிகோனசோல் மாத்திரையும், மறுபாதிக்குச் சொட்டோடு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. ஓட்டை விழுவதிலோ மாற்று அறுவையிலோ வித்தியாசம் இல்லை. இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த இரண்டில் ஒன்று நேர்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அளவுகள் ஏறுவது போன்ற பக்கவிளைவுகள் அதிகம். எல்லோருக்கும் வழக்கமாக மாத்திரை கொடுக்கத் தேவையில்லை என்று ஆனது.

அடுத்தது ஊசி. வோரிகோனசோலைக் கருவிழிக்குள்ளேயே ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். 70 பேர், 2019. நாட்டமைசின் சொட்டு மட்டும் போட்டவர்களைவிடப் பார்வை மேம்படவில்லை. ஓட்டை விழும் ஆபத்து கூடியது.

பிறகு ஒளிச் சிகிச்சை. கருவிழி கூம்பு மாதிரி புடைத்துவரும் நோய்க்கு ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சி, கருவிழியை இறுக்குவார்கள். அது கிருமியையும் கொல்லும் என்ற நம்பிக்கையில் பூஞ்சைப் புண் உள்ள 111 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவின்படி கிருமி குறையவில்லை, மூன்று வாரத்தில் பார்வை இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றுமே நல்ல எண்ணத்தோடு, அறிவியல் காரணத்தோடு முன்வைக்கப்பட்டவை. சோதிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுதல் பணம் கட்டிக் கூடுதல் ஆபத்தை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்தத் "தோல்வி" முடிவுகள்தான் மிகப் பெரிய கொடையாகத் தெரிகின்றன. உங்கள் டாக்டர் சொட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் ஏதோ குறைவாகச் செய்கிறார் என்று நினைக்காதீர்கள். அதே நேரம், புண் ஆழமாகப் போய்விட்ட ஒருவருக்கு மாத்திரையோ வேறு சிகிச்சையோ தேவை என்று டாக்டர் தனிப்பட்ட முறையில் முடிவெடுப்பது வேறு விஷயம்.

மருந்துக்கடையில் வாங்கின சொட்டில் இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. அது நல்ல மருந்துதானே?

என் சித்தப்பாவின் கண்ணைக் கொண்டுபோனது இந்த நம்பிக்கைதான். ஸ்டீராய்டு, கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையை அடக்கும். சிவப்பும் வலியும் அந்தச் சண்டையின் அடையாளங்கள், அதனால் அவை குறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். நம் ஊரில் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டுகள் சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடுகின்றன. பெயர் தெரியாவிட்டால் அட்டையில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால் என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

ஆனால் ஸ்டீராய்டே விஷம் என்றும் சொல்ல முடியாது. பாக்டீரியாப் புண் என்று உறுதியான 500 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு, அப்புறம் பாதிப் பேருக்கு பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு சேர்த்தார்கள். மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை, கூடுதல் ஆபத்தும் இல்லை. ஆரம்பத்திலேயே பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. நொகார்டியா என்ற பாக்டீரியா இருந்தவர்களுக்கு மட்டும் தழும்பு பெரிதானது. ஆக, கிருமி எது என்று தெரிந்து, அதற்கான மருந்து முதலில் போய், டாக்டரின் கண்காணிப்பில் சேர்க்கும் ஸ்டீராய்டு வேறு. கண்ணை யாரும் பார்க்காமலே கவுன்டரில் வாங்கும் ஸ்டீராய்டு வேறு.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு விடலாமா?

வேண்டாம். பாட்டி அன்போடுதான் சொல்வார், மறுக்கச் சங்கடமாக இருக்கும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணோடு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் விசாரித்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேர் இப்படி ஏதாவது விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். இவை எதுவும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. கீறிய கருவிழியில் இலைச்சாறு விடுவது மண்ணிலுள்ள பூஞ்சையை நேராகக் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். நாக்காலோ சேலை நுனியாலோ தூசி எடுப்பதும் அப்படியே.

சரி, கண்ணில் பட்ட உடனே என்ன செய்ய வேண்டும்?

கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கண்ணைத் திறந்து திறந்து கழுவுங்கள். உறுத்தலோ வலியோ நிற்காவிட்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மருத்துவமனை தூரம் என்றால் அருகிலுள்ள கண் பரிசோதனை மையத்துக்காவது.

"அன்றைக்கே" என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழி கீறிய 442 பேருக்குக் கிராமப் பணியாளர்கள் மூலம் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். முடிவு 2001-இல் வெளியானது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 24 மணி நேரம் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்தபூரில் ஒப்பிட்டுப் பார்க்கக் களிம்பு போடாத குழு கிடையாது. அதனால் நேபாளத்தில் 24 ஊர்ப்பகுதிகளை எடுத்து, பாதியில் கண் பணியாளர்களை வைத்து, பாதியில் வைக்காமல், மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில், ஊர் முழுவதையும் கணக்கில் எடுத்தால் புண்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. பணியாளரை நியமித்தால் மட்டும் போதாது, அடிபட்டவர் உடனே அவரிடம் போக வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீறலைச் சீக்கிரம் காட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் வருமா?

வரும். 2005-06-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று லென்ஸ் போட்டவர்களிடையே ஃப்யூசேரியம் புண் பரவி, ஒரு லென்ஸ் திரவத்தையே உலகச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். லென்ஸோடு தூங்காதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கண் சிவந்தால் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள்.

நாட்டமைசின் கிடைக்காத இடத்தில் என்ன செய்வார்கள்?

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இது பெரிய பிரச்சினை. விலை குறைவான குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதச் சொட்டு ஈடாகுமா என்று நேபாளத்தின் லஹானில் 354 பேரிடம் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: நாட்டமைசின்தான் மேல்.

எத்தனை நாளில் குணமாகும்?

வாரக் கணக்கு. 2013 ஆய்வில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு என்று ஒரு வாரம், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மூன்றாம் வாரம் வரை போட்டார்கள். நாளைக்குப் பதினைந்து பதினாறு முறை என்றால், தனியாக இருக்கும் வயதானவரால் நிச்சயம் முடியாது. வீட்டில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு போட்டுவிட வேண்டும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் பெரிய முன்னேற்றம் தெரியாது. புண் பெரிதாகாமல் நின்றாலே நல்ல அறிகுறி. நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?

இந்தப் பயம் நியாயமானது. சேருவதற்கு முன் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தால் வழக்கமான சிகிச்சை கிடைக்க வேண்டும். நடுவில் விலகவும் உரிமை உண்டு. ஒரு பக்கம் தீங்கு தெரிந்தால் ஆய்வை நிறுத்தக் குழு இருக்கிறது என்பதற்கு 2013 ஆய்வே சான்று. எதிலும் கையெழுத்துப் போடும் முன், "எனக்கு எந்த மருந்து வரும், சேராவிட்டால் என்ன கிடைக்கும், செலவு யாருடையது?" என்று மூன்றையும் கேளுங்கள். இன்று உலகெங்கும் டாக்டர்கள் பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் எழுதுவதற்குப் பின்னால், அன்று சம்மதித்த 323 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வயல் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

புண் ஆறிய பிறகு பார்வை திரும்புமா?

தழும்பு ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் பார்வைக்குக் குறை இருக்காது. நடுவில் இருந்தால் மங்கும். சிலருக்குக் கண்ணாடியோ கடினமான காண்டாக்ட் லென்ஸோ உதவும். தழும்பு அடர்த்தியாக இருந்தால் கருவிழி மாற்று அறுவைதான் வழி. கிருமி அடங்கி, கண் அமைதியான பிறகு செய்யும் மாற்று அறுவை, ஓட்டை விழுந்து அவசரத்தில் செய்வதைவிட நன்றாக ஒட்டும்.

அதற்குக் கருவிழி தானமாகக் கிடைக்க வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோய் இருந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் கண்களையும் தரலாம். டாக்டர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவைத்தால் போதும். சித்தப்பா இப்போது அப்படி ஒரு கருவிழிக்குக் காத்திருக்கிறார்.